பத்தாம் நம்பர் எலியின் காய்ச்சல்

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு டிகிரி அக்கா என்று பேர். படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். பேருக்கும் படிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. எதைத் தொட்டாலும் அதன் சூட்டைச் சொல்லிவிடுவாள், அதனால் வந்த பேர். கேன்டீனில் டீ டம்ளரைத் தொட்டதும் "அறுபத்திரண்டு, இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்பாள். யாராவது உடம்பு சரியில்லை என்று வந்து நின்றால் புறங்கையை அவர்கள் நெற்றியில் வைத்துப் பார்த்து, "முப்பத்தேழு புள்ளி ரெண்டு. இது காய்ச்சல் இல்ல, வேலை செய்யப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்று அனுப்பிவிடுவாள். சந்தேகப்பட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

மருந்து ஆராய்ச்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நடையின் கோடியில், இரட்டைக் கதவு போட்ட அறை அவளுடையது. அவளுடையது என்று நான் சொன்னது தெரிந்தால் எலிகள் கோபித்துக்கொள்ளும். நானூறு வெள்ளைச் சுண்டெலிகள், கூண்டுக்குப் பத்து வீதம், அங்கே குடித்தனம் நடத்தின. அறையின் சூடு எந்நேரமும் இருபத்துநான்கு. அரை டிகிரி ஏறினால்கூடப் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் பறக்கும். சில மருந்துகள் இருக்கின்றன. அறை குளிர்ந்திருந்தால் எலியைக் குளிர வைக்கும், அறை புழுங்கினால் அதே மருந்து எலியைச் சுட வைக்கும். இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படிக்கவில்லை, பதினொரு வருஷமாகக் கையில் பார்த்தது.

எலிக்கு எப்படிச் சூடு அளப்பது என்று கேட்காதவர்களே இல்லை, ஆகையால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாலின் அடியைப் பிடித்துத் தூக்கி, முன்கையின் மேல் நடக்கவிட வேண்டும். எலி கொஞ்சம் சமாதானமானதும் வாலை உயர்த்தி, எண்ணெயில் தொட்ட மெல்லிய அளவுக்கம்பியைப் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நுழைத்து இருபது எண்ண வேண்டும். பெட்டியில் எண் தெரியும், நோட்டில் எழுத வேண்டும், எலியைப் பக்கத்துக் கூண்டில் விட வேண்டும். கேட்கும்போது உங்கள் முகம் கோணுகிறது. எலியின் முகமும் கோணத்தான் செய்யும். ஆனாலும் பதினொரு வருஷத்தில் அவளை எலி கடித்தது இரண்டே முறை, இரண்டு முறையும் தப்பு தன்னுடையதுதான் என்று எலிக்கு ஆதரவாகப் பேசுவாள்.

அவளிடம் ஒரு கிறுக்கு உண்டு. எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். வீட்டில் கரண்டிகள் உயரப்படி தொங்கும். செருப்புகள் வாசலில் அணிவகுப்புக்கு வந்தவை மாதிரி நிற்கும். துணி காயப்போட்டால் பெரியது முதலில், சின்னது கடைசியில். அவள் புருஷன் தெரு முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். "என் கடையில முடி விழுற இடத்தைத் தவிர எல்லாத்தையும் இவ வரிசைப்படுத்திட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும் அவனுக்கு.

இரண்டு வருஷமாக எலி அறையில் ஒரே ஒரு புது மருந்தின் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவள் ஒரு ஆராய்ச்சிக்காரி. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்கு வந்தவள். அக்காவுக்கு அவள் மேடம், அவளுக்கு இவள் அக்கா. வந்த புதிதில் மேடம் ஒருநாள் உட்கார்ந்து விளக்கம் சொன்னாள்.

"மூளையோட அடியில சின்னதா ஒரு இடம் இருக்கு அக்கா. உடம்பு எத்தனை டிகிரியில இருக்கணும்னு முடிவு பண்றது அதுதான். நரம்புங்க அதுக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். பேச்சு இல்ல, சரக்கு. செரட்டோனின் ஒரு சரக்கு, நாரட்ரினலின் ஒண்ணு, டோபமைன் ஒண்ணு. எது எவ்வளவு வருதுன்னு பாத்து அந்த இடம் சூட்டை ஏத்தும், இறக்கும். நம்ம மருந்து செரட்டோனினைக் கூட்டுது. அப்போ எலிக்குச் சூடு இறங்கணும், அதான் எங்க கணக்கு."

"இறங்குதா மேடம்?"

"நீங்க அளந்து சொன்னாத்தான தெரியும்."

சோதனை இப்படி நடக்கும். ஒவ்வொரு கூண்டிலும் பத்து எலிகளுக்கும் வாலில் எண் எழுதியிருக்கும். ஐந்துக்கு மருந்து, ஐந்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்று அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, மருந்து ஊசிகளில் சிவப்பு நாடாவும் உப்புத் தண்ணீர் ஊசிகளில் நீல நாடாவும் கட்டித் தட்டில் கொடுத்துவிட்டு மேடம் வெளியே போய்விடுவாள். புது ஆள் வாசனை பட்டால் எலிகள் கலவரப்படும் என்று அவள் கதவைத் தாண்டி உள்ளே நின்றதே இல்லை. ஊசிக்கு முன்னால் ஒருமுறை அளப்பதுகூட எலியைக் கலைத்துவிடும் என்று, ஊசி போட்டு அரை மணி கழித்து ஒரே ஒரு தடவைதான் அளப்பது. இரண்டு வருஷமும் சிவப்பு எலிகள் நீல எலிகளைவிட முக்கால் டிகிரி குளிர்ந்தே இருந்தன. மருந்து சூட்டை இறக்குகிறது என்று மேடம் எழுதினாள், புரொபசர் அதைத் திருத்தினார், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக்கூட அனுப்பியாகிவிட்டது.

புரொபசரைப் பற்றி ஒரு வார்த்தை. கத்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைக்கிற வேகத்தைப் பார்த்து எவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை ஒரு மாணவன் எலிக்குப் பதிலாகத் தன் விரலில் ஊசி போட்டுக்கொண்டபோது, கண்ணாடியின் வில்லை கழன்று தரையில் விழுகிற வரைக்கும் துடைத்தார் என்று சொல்வார்கள்.

இந்தப் புரொபசர்தான் நிரந்தர வேலைக்கான நேர்காணல் குழுவின் தலைவர். அக்கா பதினொரு வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் வேலையை நீட்டித்துக் கடிதம் வரும். கடிதம் வரும் வரை அலுவலக வாசலைத் தினமும் நாலு தடவை எட்டிப் பார்ப்பாள். இத்தனை வருஷம் கழித்து, எலி அறைக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. விண்ணப்பித்தவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் பட்டம் வாங்கியவர்கள். நேர்காணலுக்கு ஒரு மாதம் இருந்தது. அவள் அந்த வேலையை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்றால், ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதுகூட நேர்காணலுக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புது அளவுக்கம்பி வந்து சேர்ந்தது. எந்தக் கம்பி வந்தாலும் முதலில் ஊசி போடாத எலிகளிடம் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்கு எடுப்பாள். சும்மா இருந்த ஒரு கூண்டை எடுத்தாள். ஒன்றாம் நம்பர் எலி, முப்பத்தாறு புள்ளி ஒன்பது. இரண்டு, முப்பத்தேழு. மூன்று, முப்பத்தேழு புள்ளி ஒன்று. எண் படிப்படியாக ஏறி, பத்தாம் நம்பரில் முப்பத்தேழு புள்ளி ஒன்பதில் போய் நின்றது. ஒரு முழு டிகிரி.

"வந்த அன்னைக்கே ஏமாத்துறியா நீ" என்று கம்பியைத் திட்டிவிட்டுப் பழைய கம்பியை எடுத்தாள். வேறொரு கூண்டு. அதிலும் அதே படிக்கட்டு. அடுத்த கூண்டில் பத்தாம் நம்பரை முதலில் எடுத்து ஒன்றாம் நம்பரைக் கடைசியில் எடுத்தாள். இப்போது பத்தாம் நம்பர் குளிர்ந்திருந்தது, ஒன்றாம் நம்பர் கொதித்தது. எந்த எலி என்பது கணக்கே இல்லை. கூண்டில் எது கடைசியாக மிஞ்சுகிறதோ அதற்குச் சூடு. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. மண்டையைக் குடைந்துகொண்டே கிளம்பினாள்.

சாயங்காலம் புருஷன் கடையில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சில் ஒரு அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தாள். முதல் பிள்ளை சமர்த்தாக வெட்டிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தது. மூன்றாவதை நாற்காலியில் ஏற்றுவதற்குள் தெருவே திரும்பிப் பார்த்தது. அதுதான் மூன்றிலும் பெரிய பிள்ளை.

"பெரியவன் போய் இப்படி அழுறானே" என்றாள் அம்மா.

"வயசுல ஒண்ணும் இல்லம்மா" என்றான் முடிதிருத்துபவன். "பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான் பாருங்க, அதான். முதல்ல ஏத்தியிருந்தா இவனும் சிரிச்சுக்கிட்டே இறங்கியிருப்பான். நாளைக்கு இந்த பெஞ்சைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுடறேன்."

அக்காவுக்குப் பொறி தட்டியது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த நாள் அவள் கண்முன் வந்து நின்றது. உயரப்படி நிற்க வைத்தார்கள். வகுப்பிலேயே நெட்டை அவள்தான், ஆகவே கடைசி. முன்னால் முப்பத்தெட்டுப் பேர் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். ஒவ்வொரு சத்தமும் அவளுக்குக் கேட்டது. அவள் முறை வந்தபோது நர்ஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது, ஊசி வேணாம், வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் காய்ச்சல் போய்விட்டது. நடிக்கிறாள் என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். அந்த இரண்டு அடிக்கும் நியாயம் கிடைக்க முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

எலிகளும் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன. கை உள்ளே வருகிறது, ஒன்று போகிறது. மறுபடி கை, இன்னொன்று போகிறது. கடைசி எலிக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு வருஷமாக அவள் ஒன்று முதல் ஐந்து வரை சிவப்பு நாடா, ஆறு முதல் பத்து வரை நீல நாடா என்றுதான் போட்டாள். அளந்ததும் ஒன்றிலிருந்து பத்து வரை, வரிசையாக. அப்படி எடு என்று யாரும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. கைக்கு வந்த எலியை எடுப்பார்கள் என்று மேடம் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள். இவள் ஒருத்திதான் உலகத்திலேயே கூண்டுக்குள் கையை விட்டு நம்பர் பார்த்து எலி எடுக்கிறவள்.

கடை சாத்தியதும் புருஷனிடம் சொன்னாள். அவன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"சரி, சொன்னா என்ன ஆகும்?"

"மேடத்தோட ரெண்டு வருஷ வேலை போச்சு. புரொபசர் வெளிநாட்டுக்கு அனுப்புனது போச்சு. எல்லாம் என் கையாலன்னு ஆகும்."

"சொல்லலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்போ நேர்காணல் முடியட்டும். வேலை கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம். எலி எங்கயும் ஓடிடாது. அவரு கண்ணாடியைத் துடைச்சா நமக்குத்தான் சோறு போகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளும் தலையாட்டிவிட்டாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். நாலு நாள் ஓட்டினாள். அந்த நாலு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் சிவப்பு வரிசையையும் நீல வரிசையையும் பார்க்கும்போதெல்லாம் யாரோ பின்னால் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. நோட்டில் எண்களை எழுதும்போது கை கூசியது. இந்தக் கை பதினொரு வருஷத்தில் ஒரு பொய் எண் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறதெல்லாம் மெய்யாக இருந்தும் பொய்யாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் மேடம் ஊசித் தட்டை நீட்டியபோது அக்கா வாங்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. எலி கலவரப்பட்டா படட்டும்."

மூன்று கூண்டுகளின் எண்களைக் காட்டி, தான் எந்த வரிசையில் எடுக்கிறாள் என்பதையும் சொல்லி முடித்தாள். மேடம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைத் தொடாமல் நின்றாள். அழுகிறாள் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு வருஷம் அக்கா" என்றாள். "வேலையை விட்டுட்டு வந்தேன் நான். ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கலாமே."

"நாலு நாளாத்தான் எனக்கே தெரியும் மேடம்."

"நாலு நாள் எதுக்கு வச்சிருந்தீங்க?"

"வேலை போயிடும்னு பயந்துதான்."

மேடம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாங்க, போயி அந்தக் கண்ணாடியைப் பாத்துட்டு வரலாம்" என்றாள். இருவரும் சேர்ந்தே புரொபசர் அறைக்குப் படியேறினார்கள்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தது, நடுவில் பிடித்த வேகத்தைப் பார்த்து வில்லை கழன்று விழுகிறதா என்று அக்கா தரையைப் பார்த்தாள். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, எலி அறைக்கு நடந்தார். தம் முன்னாலேயே, ஊசி போடாத ஒரு கூண்டை அளக்கச் சொன்னார். தாமே நோட்டில் எழுதினார். பத்தாம் நம்பரில் முப்பத்தேழு புள்ளி ஒன்பது வந்ததும் பேனாவை மூடினார்.

"மொதல்ல இருந்து பண்ணுங்க. கலைச்சுப் போட்டு. எந்த எலிக்கு எந்த ஊசி, எந்த எலி எத்தனாவது, எல்லாம் சீட்டுக் குலுக்கி எடுக்கணும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்களை நேர்காணல்ல பாக்கறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தையை அவளும் புருஷனும் அன்று முழுக்க எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. அதில் ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டுகள், கூடவே சிவப்பு ஐந்து, நீலம் ஐந்து. பன்னிரண்டு நாள் அவள் அந்த டப்பாவைக் குலுக்கினாள். ஏழாம் நம்பர், பிறகு இரண்டு, பிறகு பத்து, சிவப்பு, சிவப்பு, நீலம், சிவப்பு. வரிசை கெட்டுக் கிடந்த அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் மண்டியது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாள் நடந்தது மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள். முடிவில் கணக்குப் போட்டுப் பார்த்தால், முக்கால் டிகிரி வித்தியாசம் பாதியாகச் சுருங்கியிருந்தது. மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அக்காவால் அந்தக் கலைந்த எண்களை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க முடியாது. நோட்டின் நகலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். சாப்பிட்டு முடித்த மேஜையைத் துடைத்துவிட்டு, முதலாவதாக எடுத்த எலிகள் எல்லாம் ஒரு இடத்தில், இரண்டாவதாக எடுத்தவை எல்லாம் அடுத்த இடத்தில் என்று பத்து வரைக்கும் அடுக்கினாள். சிவப்புக்கு ஒரு பத்தி, நீலத்துக்கு ஒரு பத்தி. மனசு கொஞ்சம் ஆறியது. ஆறிய மனசோடு பார்த்தபோதுதான் தெரிந்தது. நீலப் பத்தி பழையபடி படிக்கட்டாக ஏறியது. சிவப்புப் பத்தி ஏறவே இல்லை. முதலில் எடுத்த சிவப்பு எலியும் முப்பத்தேழு, கடைசியில் எடுத்த சிவப்பு எலியும் முப்பத்தேழு. முதலில் எடுத்த எலிகளில் சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே கிடையாது.

காலையில் மேடம் அந்தத் தாளைப் பார்த்தாள். இரண்டு பத்திகளின் மேலும் விரலை ஓட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மருந்து சூட்டை இறக்கல அக்கா. காத்துக்கிட்டு இருக்கும்போது ஏறுற சூட்டை ஏற விடாம பண்ணுது. செரட்டோனின் கொண்டு போற சேதி 'குளிரு'ன்னு இல்ல, 'பயப்படாத'ன்னு."

அக்கா தடுப்பூசி நாள் கதையைச் சொன்னாள். "அந்த மருந்து அன்னைக்கு எங்க பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா எனக்கு ஊசி போட்டிருப்பாங்க மேடம். அம்மா அடியும் மிச்சம்."

மேடம் சிரித்துவிட்டாள். பல நாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான். இருவரும் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தார்கள், சூட்டை யாரும் அளக்கவில்லை.

புரொபசர் தாளைப் பார்த்துவிட்டு, கடைசி எலிக்குச் சூடு ஏறுவது உலகத்துக்குப் புதிதில்லை என்றார். "வேற இடங்கள்ல முன்னாடியே பாத்திருக்காங்க. புத்தகத்துலயே இருக்கு. நாமதான் படிக்காம விட்டுட்டோம். ஆனா இந்த மருந்து அதைத் தடுக்குதுங்கறது நம்ம சமாச்சாரம்." கருத்தரங்குக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று அவர் கையாலேயே கடிதம் எழுதினார். அன்று கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. ஆனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. ஏழு பேரும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்ப எண்படி அவள் ஏழாவது. கதவு திறந்து புரொபசரே வெளியே வந்தார். கையில் பிஸ்கட் டப்பா. "சீட்டு எடுங்க. யார் கைக்கு எந்த நம்பர் வருதோ அந்த வரிசையில கூப்பிடறோம்" என்றார். மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா சீட்டைப் பிரித்தாள். ஏழு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதி என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பெஞ்சு கதவைப் பார்த்துப் போட்டிருக்கிறதே என்றுதான் நினைத்தாள். "கொஞ்சம் எழுந்திரிங்கப்பா" என்று எல்லோரையும் எழுப்பி, பெஞ்சைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வர முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. ஏழு பேரும் அதற்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள். கூப்பிடும்போதுதான் ஒவ்வொருவருக்கும் நேர்காணல் ஞாபகம் வந்தது.

உள்ளே மூன்று பேர். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார், வேலையில் அவள் செய்த பெரிய தப்பு என்ன என்று கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொன்னாள். சிவப்பு முதலில், நீலம் பிறகு, இரண்டு வருஷம்.

"அதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"கண்டுபிடிச்ச அன்னைக்கே சொன்னீங்களா?"

அவள் புரொபசரைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இல்ல மேடம். நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இந்த வேலை கிடைக்காமப் போயிடுமோன்னு."

"அஞ்சாவது நாள் என்ன ஆச்சு?"

"சோறு இறங்கல மேடம், அதான் சொல்லிட்டேன்."

அம்மையார் ஏதோ எழுதிக்கொண்டார். புரொபசர் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாலு மணிக்குப் பலகையில் பேர் ஒட்டுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாலரை மணிக்கு அவள் கடைக்குப் போனாள். பெஞ்சு தெருப் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் புருஷன் கடைச் சுவர்க் கண்ணாடியில் தெருவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் ஒருவர் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கத் தலை முடிந்து மறு பக்கம் பாக்கி. வேலை நடுவில் பேசக் கூடாது என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்தரி இரண்டு தரம் காற்றை வெட்டியது.

"அம்மா" என்றார் நாற்காலியில் இருந்தவர். "என்ன சேதியோ சொல்லிடுங்க. காலையில இருந்து இவர் இப்படித்தான் இருக்காராம். எனக்கு இருக்கறது ரெண்டே காது."

அவள் எழுந்து போய்ப் புருஷன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பொறு என்று இவளுக்கு யோசனை சொன்ன மனுஷன், பாவம், கொதித்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தேழு புள்ளி ஒன்பது" என்றாள். "பத்தாம் நம்பர் எலி. கிடைச்சிருச்சுங்க. நிரந்தரம்."

அவன் கத்தரியை மேஜையில் வைத்தான். வைத்ததும் தன் கடை பெஞ்சில் தானே வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்துவிட்டான். அவள் கையை எடுக்கவில்லை. நெற்றி மெல்ல மெல்லக் குளிர்ந்து முப்பத்தேழுக்கு இறங்குகிற வரை அப்படியே வைத்திருந்தாள். பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் இருந்தவர் காத்துக்கொண்டிருந்தார்.